வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது: டிராக் ரேஸ் தம்பிகளுக்கு அக்காவின் டிப்ஸ்

"சீசன் ஆரம்பிக்கப் போகுதுங்க அக்கா, வண்டி இன்னும் ஸ்டாண்டு மேலதான் நிக்குது."

வருஷா வருஷம் இந்தப் புலம்பல் என் காதில் விழுகிறது. கோயம்புத்தூரில் எங்கள் குடும்பத் தொழில் இன்ஜின் ரீபோரிங். அப்பா காலத்தில் லாரி பிளாக்கும் ஆயில் இன்ஜினும்தான் வரும். இப்போது அவற்றுக்கு நடுவே பழைய எஸ்டீம், ஹோண்டா சிட்டி இன்ஜின்களும் வருகின்றன. கூடவே தூக்கமில்லாமல் கண் சிவந்த பையன்களும் வருகிறார்கள். பில் போடுவதும் ஸ்டோர் பார்ப்பதும் என் வேலை. என் சொந்தத் தம்பிக்கும் இந்தக் கால் மைல் பைத்தியம் உண்டு. அதனால் இன்ஜின் போன மறுநாள் ஒரு பையன் எப்படிப் பேசுவான், சில மாதம் கழித்து எப்படிப் பேசுவான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

முதல் வாரம் முழுக்க வீரம்தான். "பிரிச்சு மேஞ்சுடலாங்க அக்கா." அப்புறம் ஒரு பாகம் கிடைக்காது, லேத்தில் வரிசை இருக்கும், கையில் காசு தீர்ந்திருக்கும். அங்கேதான் இரண்டு ரகமாகப் பிரிகிறார்கள். ஒரு ரகம் பொறுமை இழந்து, அளக்க வேண்டியதை அளக்காமல் இன்ஜினை மூடி, முதல் ஓட்டத்திலேயே மறுபடி நாசமாக்கிக்கொண்டு வந்து நிற்கும். இன்னொரு ரகத்துக்கு நம்பிக்கை அளவுக்கு மீறி இருக்கும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க அக்கா" என்று சொல்லிச் சொல்லியே இழுபட்டுப்போன பழைய போல்ட்டை மறுபடி முடுக்கும். என் கணக்கில் இரண்டும் ஒரே வியாதிதான். கடவுளை நம்பு, உன் கையை நம்பு, ராத்திரியில் உனக்காக டார்ச் பிடிக்கிற சிநேகிதனை நம்பு. பாகத்தை மட்டும் அளக்காமல் நம்பாதே.

முதலில் போஸ்ட்மார்ட்டம்

புது பிஸ்டன் செட்டுக்கு விலை விசாரிக்கும் முன், பழையது ஏன் போனது என்று கண்டுபிடி. இன்ஜின் இன்னும் சுற்றுகிறது என்றால் இறக்குவதற்கு முன்பே கம்ப்ரஷன் டெஸ்டும் லீக்டவுன் டெஸ்டும் எடுத்து எழுதி வை. ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பார். அதில் மின்னுகிற தூள் எந்த நிறம் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் செம்பு நிறத்தில் இருந்தால் பேரிங். உடைந்த எதையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதே. காரணம் கிடைக்கும்வரை அதுதான் உனக்குச் சாட்சி.

பிஸ்டன் தலையில் மணல் வாரியடித்தாற்போல் பொத்தல் பொத்தலாக இருந்து, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தால் இன்ஜின் தட்டியிருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் போதவில்லை, அல்லது இக்னிஷன் டைமிங் அளவுக்கு மேல் முன்னால் இருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் விலை உயர்ந்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் வாங்கிப் போட்டாய் என்றால், விலை உயர்ந்த ஓட்டைதான் விழும்.

எங்கள் மேஜைக்கு அதிகம் வருவது வேறொரு கதை. கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங் ஷெல் நீலம் பாரித்து, மேல்பூச்சு போய் அடிச்செம்பு தெரிய, சில சமயம் கிராங்கோடு ஒட்டிக்கொண்டு வரும். "ஆயில் ஃபுல்லா இருந்துச்சுங்க அக்கா" என்று பையன் சத்தியம் செய்வான். சத்தியம் உண்மையாகவே இருக்கும். ஆயில் இருந்தது, ஆனால் பம்ப் உறிஞ்சுகிற இடத்தில் இல்லை. பச்சை விளக்கு எரிந்து கிளட்சை விட்டதும் வண்டி முன்னே பாய்கிறது. சம்ப்பில் இருக்கும் ஆயில் அவ்வளவும் பின்பக்கம் போய் ஏறிக்கொள்கிறது. பிக்கப் குழாயின் வாய் அந்த நேரத்துக்குக் காற்றை உறிஞ்சும். வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடுவதற்காக வடிவமைத்த சம்ப் அது. 7,000 ஆர்.பி.எம்.மில் ஒரு நொடி ஆயில் இல்லாமல் சுற்றினாலே பேரிங்குக்குச் சேதம்தான். எச்சரிக்கை விளக்கு எரிவதை நீ பார்க்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

இதற்குச் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைத்து வெல்டு செய்யவேண்டும், பிக்கப் வாய்க்கும் சம்ப் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து வைக்கவேண்டும், ஒரு நல்ல ஆயில் பிரஷர் கேஜ் மாட்டவேண்டும். மொத்தச் செலவு ஒரு செட் பிஸ்டனை விடக் குறைவு. இதைச் செய்யாமல் அதே இன்ஜினை அதே மாதிரி கட்டினால் அதே இடத்தில்தான் போகும். எங்களுக்கு இரண்டாவது பில் கிடைக்கும். அந்தக் காசு எனக்கு வேண்டாம், கண்ணு.

இந்த விஷயத்தில் நான் எல்லோருக்கும் சொல்லும் ஆள் அமெரிக்காவின் டான் கார்லிட்ஸ். ஃப்ளோரிடாக்காரர், 'பிக் டாடி' என்று பட்டப்பெயர். 1970 மார்ச் 8-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் புறப்பட்ட மாத்திரத்தில் அவர் வண்டியின் டிரான்ஸ்மிஷன் வெடித்தது. அந்தக் காலத்து டிராக்ஸ்டரில் இன்ஜின் முன்னால் இருக்கும், ஓட்டுகிறவர் பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பார், டிரான்ஸ்மிஷன் அவர் கால்களுக்கு நடுவே சுற்றும். வெடித்த வேகத்தில் வண்டி இரண்டு துண்டானது. அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதியே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் அவர் யோசித்தது அதே வண்டியை எப்படித் திரும்பக் கட்டுவது என்று அல்ல. வெடிக்கக்கூடிய அத்தனையும் ஏன் என் முன்னால் இருக்கவேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டிகளை அதற்கு முன்பும் சிலர் செய்து பார்த்திருந்தார்கள். அவை நேராக ஓட மறுத்தன. கார்லிட்ஸ் குழு கட்டிய வண்டியும் முதலில் அப்படித்தான் அலைந்தது. சோதனைக்கு மேல் சோதனை ஓடி, கடைசியில் கோளாறு ஸ்டியரிங்கில் இருப்பதைப் பிடித்தார்கள். கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் அதிகம் திரும்பிவிடுகிறது. ஸ்டியரிங்கை மந்தமாக்கினார்கள், வண்டி நூல் பிடித்தாற்போல் ஓடியது. 1971 தொடக்கத்தில் பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தை அந்த வண்டியில்தான் ஜெயித்தார். சில வருஷத்துக்குள் டாப் ஃப்யூயல் பிரிவு முழுக்கப் பின் இன்ஜினுக்கு மாறியது. அவருக்கு நம்பிக்கை நிறையவே இருந்தது. கூடவே 'ஏன்' என்று கேட்டு, விடை கிடைக்கிற வரைக்கும் சோதித்தார்.

பிரிக்கும்போது

இதை நீளமாகச் சொல்லத் தேவையில்லை. போனில் படம் எடு, ஒவ்வொரு வயர் கனெக்டரிலும் டேப் ஒட்டி எண் போடு, போல்ட்டுகளைத் தனித்தனி ஜிப் கவரில் போட்டு எந்த இடத்துப் போல்ட் என்று எழுது. மெயின் பேரிங் கேப், கனெக்டிங் ராடு கேப் இரண்டும் இடம் மாறக்கூடாது, திசையும் மாறக்கூடாது. அந்தந்த இடத்தில் வைத்தே போர் செய்யப்பட்டவை அவை. கேப்பில் எண் இல்லை என்றால் கழற்றும் முன் பெயிண்ட் மார்க்கரால் நீயே போடு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே. ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்து, கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளிவிட்டுத்தான் படுக்கவேண்டும். "ஒரு நட்டுதானுங்க அக்கா, ரெண்டே நிமிஷம்" என்ற பேச்சே என்னிடம் வேண்டாம்.

லேத்தில் காத்திருப்பது

எங்கள் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். "நாளைக்கு வாங்கிக்கலாம்" என்று எந்தப் பட்டறையும் சொல்லும். நாங்களும் சொல்வோம். அதைக் கேட்டுவிட்டு மறுநாள் காலை கடை திறக்கும் முன் வாசலில் நிற்பதால் வேலை வேகமாக நடக்காது. மேஸ்திரி தலையில் நீ உட்கார்ந்தால், அவர் உன்னை அனுப்பிவிடுவதற்காக முடிப்பார். அப்படி முடித்த வேலையை நான் பார்த்திருக்கிறேன். உனக்கு அது வேண்டாம்.

வேலை சீக்கிரம் நடக்க நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிளாக்கோடு பிஸ்டன்களையும் கொண்டுவா. "ஐம்பது ஓவர்சைஸ் வாங்கப் போறேன், அதுக்குப் போர் பண்ணி வையுங்க" என்று வெறும் பிளாக்கை இறக்கிவிட்டுப் போகிறார்கள். டப்பாவில் அச்சடித்த அளவு வேறு, உள்ளே இருக்கிற பிஸ்டனின் அளவு வேறாக இருக்கலாம். நல்ல மேஸ்திரி ஒவ்வொரு பிஸ்டனையும் அதன் பாவாடைப் பகுதியில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, இந்தச் சிலிண்டருக்கு இந்தப் பிஸ்டன் என்று எண் போட்டு, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் ஹோனிங் முடிப்பார். பிஸ்டன் வரும்வரை பொறுப்பது வீண் காத்திருப்பு ஆகாது. அந்தச் சமயத்தில் கியர்பாக்ஸைத் திற, பிரேக் காலிப்பரைச் சுத்தம் செய், ஆக்சில் ரப்பரைப் பார், இன்ஜின் மவுண்ட்டை மாற்று. முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் புறப்படும்போது சக்கரம் துள்ளினால் முதலில் போவது ஆக்சில்தான். அதற்குப் பாதிக் காரணம் தளர்ந்த மவுண்ட்.

பிளாக் திரும்பி வந்ததும் மேஸ்திரியை நம்புகிறாயா? நம்பு. நம்பியபடியே நீயும் அளந்து பார். வேலை தெரிந்தவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அளப்பதற்குக் காலை நேரம் நல்லது. இரவு முழுக்க ஒரே அறையில் கிடந்த பிளாக்கும் பிஸ்டனும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருக்கும். வெயிலில் கிடந்த பிளாக்கை அளந்துவிட்டு 'லூஸா இருக்கே' என்று சண்டைக்கு வராதே.

அடுத்தது கழுவுவது. பொறுமை இல்லாதவன் கையில் இன்ஜின் அநியாயமாகச் சாவது இந்த இடத்தில்தான். ஹோனிங் முடிந்த சிலிண்டர் சுவரில் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். ஆயிலைப் பிடித்து வைக்கவே அந்தக் கோடுகள். அதற்குள் ஹோனிங் கல்லின் பொடியும் உட்கார்ந்திருக்கும். பையன்கள் பெட்ரோல் ஊற்றித் துடைத்துவிட்டு "பளபளன்னு இருக்குங்க அக்கா" என்பார்கள். பெட்ரோல் எண்ணெயைத்தான் கரைக்கும். பொடி கோட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

வெந்நீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, நைலான் பிரஷ், இவ்வளவுதான் வேண்டும். நுரை வர வரத் தேய். ஆயில் ஓடும் துவாரங்களுக்குள் நீளப் பிரஷ் விட்டுக் குத்து. தண்ணீரைக் காற்றடித்து உலர்த்திவிட்டு உடனே மெல்லிய ஆயில் தடவு, இல்லாவிட்டால் நிமிஷத்தில் துரு ஏறும். அதன்பின் பழைய வெள்ளை வேட்டித் துண்டில் ஆயில் நனைத்துச் சிலிண்டர் சுவரை அழுத்தித் துடைத்துப் பார். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி சோப்பு. மறுபடி வந்தால் மறுபடியும் சோப்பு. எங்கள் பட்டறையில் அசெம்பிளிக்குப் போகும் பிளாக்கில் இந்தத் துணியை நானே போட்டுப் பார்ப்பேன். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை பிஸ்டனை எடுத்துக் கொடுக்க மாட்டேன். இதற்காக எத்தனை பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள் என்பது வேறு கதை.

ரிங்கும் ரெஞ்சும்

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டுச் சமமாகத் தள்ளி, இரண்டு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு அளக்கவேண்டும். டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பொதுவான கணக்கு, போர் ஒரு அங்குலத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு. எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜினுக்கு ஸ்டாண்டர்ட் போர் 74 மி.மீ.; அப்படியானால் மேல் ரிங்குக்குக் கிட்டத்தட்ட 0.30 மி.மீ. இடைவெளி. டர்போவோ நைட்ரஸோ போட்டால் சூடு அதிகம், இடைவெளியும் அதிகம் வேண்டும். ரிங் கம்பெனி கொடுக்கும் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் இறுதி. இடைவெளி குறைந்துபோனால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு, ரிங் சுவரைக் கீறும், பிஸ்டனையே உடைக்கும். கூடிப்போனால் கொஞ்சம் கம்ப்ரஷன் நஷ்டம், அவ்வளவுதான். அரத்தில் தேய்க்கும்போது ஒரு பக்க முனையை மட்டும், துளித்துளியாகத் தேய்த்து, ஒவ்வொரு தடவையும் அளந்து பார். தேய்த்ததை ஒட்டவைக்க யாராலும் முடியாது.

பேரிங் இடைவெளிக்குப் பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு நூல் கடைகளில் கிடைக்கும். வைத்து, முழு டார்க்கில் முடுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். நூல் உள்ளே இருக்கும்போது கிராங்கைச் சுற்றிவிடாதே.

டார்க் ரெஞ்ச் பிடிக்கிற நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். மேனுவலில் சொன்ன வரிசைப்படி, சொன்ன படிநிலைகளில் முடுக்கவேண்டும். ஒருவர் முடுக்கவேண்டும், இன்னொருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லவேண்டும், முடிந்த போல்ட்டின் தலையில் பெயிண்ட் கோடு விழவேண்டும். ஒருமுறை முடுக்கினால் நீண்டுபோகும் ரகப் போல்ட் என்றால் பழையது குப்பைக்கு. ராடு போல்ட்டில் காசு மிச்சம் பிடிப்பவனை நான் கஞ்சன் என்று சொல்ல மாட்டேன். அதைவிட மோசமான பெயர் வைத்திருக்கிறேன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் இந்த வேலைகள் எதுவும் கூடாது. அந்த நேரத்தில் ஸ்பேனர் துடைக்கலாம், பெட்டியை அடுக்கலாம், கணக்கு எழுதலாம்.

"அவங்க ஒரு மணி நேரத்துல கட்டுறாங்களே!"

யூடியூப் பார்த்துவிட்டு வரும் கேள்வி இது. ஆமாம், அமெரிக்காவில் என்.எச்.ஆர்.ஏ. டாப் ஃப்யூயல் குழுக்கள் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில், ஒன்றே கால் மணி நேரத்துக்குள் இன்ஜினைப் பிரித்து மாட்டிவிடுகின்றன. அங்கே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே வேலை. வருஷம் முழுக்க அதையே செய்து கை பழகியவர்கள். பிஸ்டனும் ராடும் சேர்த்துக் கட்டியவையாக, அளந்து எண் போட்டு டிரெய்லரில் வரிசையாகத் தயாராக இருக்கும். பொறுமையாக அளக்கும் வேலையை அவர்கள் பட்டறையிலேயே முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். நீ பார்ப்பது மிச்ச வேலையை மட்டும்தான்.

சாமியும் எலுமிச்சம்பழமும்

பூஜை போடாதே என்று நான் சொல்வேனா? ஆயுத பூஜைக்குப் போரிங் மெஷினுக்குச் சந்தனம் வைத்தவள் நான். அமெரிக்காவில் கூட 'ரேசர்ஸ் ஃபார் கிறைஸ்ட்' என்று ஓர் ஊழிய அமைப்பு இருக்கிறது. பந்தய ஊர்களுக்கே போய் ஓட்டுநர்களோடு சேர்ந்து ஜெபம் செய்கிறார்கள். உயிரைப் பணயம் வைக்கிற இடத்தில் சாமி நினைப்பு வருவது இயற்கை. பாரத்தை அவன் மேல் போடு. ஆனால் சீட் பெல்ட்டின் காலாவதித் தேதியைப் பார்க்கும் பாரத்தை நீயே வைத்துக்கொள். எஸ்.எஃப்.ஐ. முத்திரை உள்ள ரேஸ் பெல்ட்டுக்குத் தயாரித்த தேதியிலிருந்து இரண்டு வருஷம்தான் ஆயுசு. பார்க்கப் புதிதாக இருக்கிறது என்பது கணக்கில்லை. டயரிலும் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆம் வாரத்தில் செய்தது. "அண்ணன் ஒருத்தர் சும்மாவே கொடுத்தாருங்க அக்கா" என்று வரும் ஸ்லிக் டயரில் முதலில் இந்த எண்ணைப் படி.

மனசு விட்டுப்போகும் நாட்கள் வரும். அப்போது ஷெர்லி மல்டவுனியை நினைத்துக்கொள். தங்கச்சிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 1977, 1980, 1982 மூன்று வருஷமும் டாப் ஃப்யூயல் சாம்பியன் அவர். 1984-ல் கனடாவில் மாண்ட்ரியலுக்குப் பக்கத்து சானேர் பாதையில் முன் டயர் போய் நடந்த விபத்தில் இரண்டு கால்களும் நொறுங்கின. அறுவை சிகிச்சைக்கு மேல் அறுவை சிகிச்சை. 1986-ல் மறுபடி பந்தயத்துக்கு வந்தார். அவர் காத்திருந்தது எலும்பு கூடுவதற்கு. நீ காத்திருப்பது ஒரு கேஸ்கெட் செட்டுக்கு.

காசு, வீடு

ஹெல்மெட், பெல்ட், ரோல் கேஜ், பிரேக் இவை முதலில். அப்புறம் இன்ஜினின் அடிப்பாதி. அப்புறம் கிளட்ச், ஆக்சில், டயர். பவர் கூட்டும் சமாச்சாரம் எல்லாவற்றுக்கும் கடைசி. வீட்டு நகையை அடகு வைத்து டர்போ வாங்கியவன் எங்கள் கடைக்கு வந்தால் போரிங் கூலியை முன்பணமாகக் கேட்பேன், ஓடிப்போகட்டும் என்று. எவ்வளவு செலவானது என்பதை ஒரு நோட்டில் எழுது. அந்த நோட்டை மனைவியிடமோ அம்மாவிடமோ காட்டமுடியாத நாள் வந்தால், அன்றைக்கு வேலையை நிறுத்து. பெயிண்டைப் பற்றி என்னிடம் கேட்காதே. ஓடாத வண்டிக்குப் பெயிண்ட் எதற்கு?

ஸ்டார்ட் செய்யும் நாள்

ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யாதே. கூட்டம் இருந்தால் அவசரம் வரும். பிளக்குகளைக் கழற்று, பெட்ரோல் பம்பின் ஃப்யூஸை எடு, ஆயில் பிரஷர் கேஜ் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்று. முள் ஏறினால்தான் பிளக் மாட்டலாம். ஏறவில்லை என்றால் ஏன் என்று தேடு. "ஸ்டார்ட் ஆனா தானா வந்துடும்" என்ற பேச்சுதான் முன்னே சொன்ன அதிக நம்பிக்கை வியாதி. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிலேயே மணிக்கணக்காக ஓடவிடாதே. ரிங் சுவரோடு பொருந்த லோடு வேண்டும். கூலன்ட்டில் காற்று இல்லை, எங்கும் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, சீக்கிரமே மிதமான லோடில் ஏற்றி இறக்கி ஓட்டவேண்டும். டைனோ ரோலரில் ஓட்டினால் உத்தமம். பிறகு ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டி, பழையபடி வெயிலில் பார். கொஞ்சம் தூள் இருக்கும். புது இன்ஜினுக்கு அது சகஜம். சில்லுச் சில்லாக இருந்தால் மறுபடி திற. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா?

ஸ்ட்ரிப்பில்

முதல் ஓட்டத்திலேயே கால் மைலும் முழு மிதி மிதிக்காதே. புறப்பட்டு முதல் அறுபது அடியோடு காலை எடு. ஆக்சில், கிளட்ச், பிரேக் எல்லாவற்றையும் பார். அடுத்தது பாதி தூரம். அதன்பின்தான் 402 மீட்டரும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய். டயர் காற்றையும் டைமிங்கையும் ஒன்றாக மாற்றிவிட்டு நேரம் குறைந்தால் எதற்கு நன்றி சொல்வாய்? அறுபது அடி நேரம், மொத்த நேரம், காற்றின் சூடு மூன்றையும் எழுது. பச்சை விளக்குக்கு எவ்வளவு சீக்கிரம் புறப்பட்டாய் என்பது தனிக் கணக்கு. கடிகாரம் ஓடத் தொடங்குவது உன் முன் சக்கரம் ஒளிக்கதிரை விட்டு நகரும்போதுதான். பரிசோதனை அதிகாரி பெல்ட்டையோ வெல்டிங்கையோ காட்டி "கூடாது" என்றால் வாதாடாமல் வண்டியை லாரியில் ஏற்று.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. வண்டி கட்டி முடிந்த ராத்திரி, பாலக்காட்டு ரோட்டிலோ பைபாஸிலோ "ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாம்" என்று கை அரிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி பொது இடத்தில் ரேஸ் ஓட்டினால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடு, எதிரே பால் வண்டியில் வருகிறவருக்கு உன் சீசனைப் பற்றி என்ன தெரியும்? சோழவரத்தில் பழைய யுத்தகால விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓடிய காலத்திலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இந்த மாநிலத்தில் பந்தயம் நடத்துகிறது. 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே பந்தயப் பாதை இருக்கிறது, டிராக் ரேஸும் அங்கே நடக்கிறது. இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் லைசென்ஸ் எடு, நுழைவுக் கட்டணம் கட்டு, வண்டியை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோ. அதுவரை அந்த வண்டி ரோட்டைத் தொடக்கூடாது, கண்ணு.